படலை திறந்தால் படை வரும்

பிள்ளை பார்க்கிற தொழிலில் பிள்ளைகளால் வருகிற கரைச்சல் கொஞ்சம்தான். அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெரிய ஆட்களால் வருவதுதான் மிச்சமெல்லாம். வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற என் அருமைச் சகபாடிகளே, காலமை உங்கள் சட்டையைப் பிடித்துத் தொங்குகிற விரல்களைக் கழற்றிவிட்டு பஸ்சுக்கு ஓடுகிறீர்களே, அந்த விரல்கள் அடுத்ததாகப் பிடிப்பது என்னுடைய சேலையைத்தான். ஆகவே நாம் ஒரே கஷ்டத்தின் இரண்டு கரை ஆட்கள்.

திருகோணமலையில் துறைமுகத்துக்கு இறங்குகிற றோட்டில் ஒரு பழைய வீட்டில் நான் டே கெயார் நடத்துகிறேன். வீடு ஒரு சங்கத்துக்குச் சொந்தம். முப்படைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் காயப்பட்டு விலகியவர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கம். அவர்களின் குடும்பங்களுக்குப் பெரிய தலையிடி, பிள்ளையை ஆரிடம் விடுவது என்பது. சொந்தக்காரர் எல்லாம் தூரத்து ஊர்களில். தாய் வேலைக்குப் போனால் தகப்பனுக்கு ஏலாது, தகப்பன் போனால் தாய் வீட்டில் கட்டுப்பட்டுவிடுவாள். சங்கம் வீட்டைத் தந்தது. முன்பள்ளியில் படிப்பித்த அனுபவத்தோடு பாலையூற்றில் இருந்து நான் வந்தேன். எனக்குத் துணையாக மூதூரில் இருந்து நஸ்ரின் வந்தாள். வாசல் படலையைத் திறந்த நாளில் இருந்து ஒரு நாளும் அலுப்படித்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நேரம் போவதில்லை!

காவலுக்கு ஒரு தகப்பன்

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் சுனில். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். இடுப்பில் மகள் தினுகி, தோளில் அவளை விடப் பெரிய பை. மனைவி குமாரிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. இவருக்குத் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை கிடைத்திருந்தது. அதில் சேருவதற்கு முன்னம் மகளைப் பழக்கவேண்டும் என்று கொண்டுவந்திருந்தார். தினுகி கொஞ்ச நேரம் வீரிட்டு அழுதாள். பிறகு மணல் குவியலைக் கண்டாள், அழுகையை மறந்துவிட்டாள். தகப்பன்தான் போகவில்லை. படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் விறைப்பாக நின்றார். தேத்தண்ணி நேரம் எட்டிப் பார்த்தேன், நிற்கிறார். பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு பார்த்தேன், அப்போதும் நிற்கிறார்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு போய், "நாங்கள் பாத்துக்கொள்ளுவம், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றேன். அவர் அசையவில்லை. பெரிய பெருமைக்காரராக்கும் என்று நினைத்துத் திரும்பப் போனேன். அப்போதுதான் என் நிழலைக் கண்டு முகத்தைத் திருப்பினார். "இந்தப் பக்கம் சொல்லுங்க டீச்சர். அந்தப் பக்கக் காது குண்டோட போச்சு" என்றார். பிறகு மரத்தடியிலேயே, பாதி தமிழும் பாதி சிங்களமுமாகக் கதையைச் சொன்னார். குமாரி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், இவர் நல்ல காதைத் தலையணையில் வைத்துக் கண்ணயர்ந்திருக்கிறார். பிள்ளை கட்டிலால் விழுந்து அழுதழுது தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் இவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் எழுப்பினாராம். அன்றில் இருந்து குமாரி வீட்டில் இல்லாத நேரமெல்லாம் மகளின் முதுகில் ஒரு கையை வைத்தபடியே இருப்பாராம். அழுதால் கைக்குத் தெரியும்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஜன்னலடியில் ஒரு கதிரை போட்டு, "இண்டைக்கு மட்டும் இதில இருங்கோ" என்றேன். தினுகி நித்திரையில் சிரித்ததை அவர் எழும்பி நின்று பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, முழு வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "கடலில எனக்குப் பயம் வந்ததே இல்ல டீச்சர். வீட்டிலதான் வந்தது."

தாத்தாவுக்கு வயசென்ன?

சிங்களத்தில் தகப்பனைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். தினுகி படலையைக் கண்டதும் "தாத்தா! தாத்தா!" என்று பாய்வாள். இதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் சுனிலைத் தாத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த தாய் ஒருவர், தமிழ்ப் படைவீரர் ஒருவரின் மனைவி, பாவம், அவரைப் பார்த்து மரியாதையாக, "இந்த வயசிலயும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரியுறியள் ஐயா, பெரிய விசயம்" என்று சொல்லிவிட்டார். சுனில் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை! அடுத்த நாள் மீசைக்குக் கறுப்படித்துக்கொண்டு வந்தார். நஸ்ரின் சிரிப்பை அடக்க ஏலாமல் குசினி அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

தினுகியும் சும்மா இருக்கவில்லை. வந்த புதிதில் தண்ணிக்கு 'வத்துற' என்று சிங்களத்தில் கேட்டவள், கொஞ்ச நாளில் நஸ்ரினின் மூதூர்த் தமிழை அப்படியே பிடித்துவிட்டாள். கையை இடுப்பில் வைத்து மற்றப் பிள்ளைகளை அதட்டுகிற அழகைப் பார்க்கவேண்டும். இந்தப் பெருமையைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறக்க, சுனில் முந்திக்கொண்டு கேட்டார்: "டீச்சர், 'சும்மா இரு' எண்டா என்ன? வீட்டில எனக்கு நாள் முழுக்க அதைத்தான் சொல்லுறா."

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு விருந்தாளி

எங்கள் ஊரில் மான்கள் ஆட்களைப் போல றோட்டால் நடந்து திரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படலையைக் கொளுவ மறந்த ஒரு மத்தியானம், கொம்பு வைத்த கலைமான் ஒன்று நேரே விறாந்தைக்கு ஏறி வந்துவிட்டது. நஸ்ரின் பிள்ளைகளுக்காக உரித்து வைத்திருந்த வாழைப்பழத் தட்டில் வாயை வைத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் துறைமுகத்துக் கப்பல்களே திரும்பிப் பார்த்திருக்கும். நான் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். அது கொம்பைத் தாழ்த்தியது. நான் பின்னால் வந்தேன்.

வேலைக்குப் போகிற வழியில் சத்தத்தைக் கேட்டு, அதுவும் நல்ல காதால் கேட்டு, சுனில் ஓடிவந்தார். வந்தவர் நெஞ்சை நிமிர்த்தி, கப்பலில் கட்டளை போடுகிற குரலில் ஒரு அதட்டு அதட்டினார். மான் அசையவில்லை. வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் விசுக்கென்று எழும்பி நின்றுவிட்டார்கள்! கடைசிப் பழத்தையும் முடித்துவிட்டு, மான் தானாகவே படியிறங்கிப் போனது. வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நஸ்ரின் பெருமூச்சு விட்டாள்: "எங்கட மூதூரில மாடுதான் வளவுக்குள்ள வரும். இங்க மான் வருது. டவுன் எண்டா டவுன்தான் டீச்சர்!"

எந்தப் படை?

யோகராணி வந்தது நல்ல வெயில் நேரம். இடுப்பில் மகன் கவின், முகமெல்லாம் வேர்வை. நீளப் பாவாடை கட்டியிருந்தாலும் படியேறும்போது தெரிந்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சொந்த ஊர் இலங்கைத்துறை. டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. கணவர் ஆழ்கடல் படகில் தொழிலுக்குப் போனால் வீடு வரக் கனநாள் எடுக்கும். கவினைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையைக் கடைக்குக் கொண்டுபோய் துணி வெட்டுகிற மேசைக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறார். ஒரு நாள் அவன் பெரிய கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலைமயிரைத் தானே வெட்டத் தொடங்க, முதலாளி பயந்துபோனார். இனிப் பிள்ளையைக் கொண்டுவந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் இடம் இருக்கிறது என்றேன். உடனே சந்தோசப்படாமல் அவர் படியிலேயே நின்றார். சுவரில் சங்கத்தின் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாசித்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சண்டைக்காலத்தில் அவர் மற்றப் பக்கத்தில், இயக்கத்தில் இருந்தவர். காலைக் கொடுத்ததும் அங்கேதான். பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்ததைப் பின்னொரு நாள் அவரே சொன்னார். உள்ளே நஸ்ரின் ஏற்கெனவே கவினைத் தூக்கிக்கொண்டு போய் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. யோகராணி குரலைத் தாழ்த்தி, ஆனால் என் கண்ணைப் பார்த்தே கேட்டார்: "படையில இருந்த ஆக்களின்ட பிள்ளையளுக்குத்தான் இடம் எண்டு எழுதியிருக்கு. நானும் படையிலதான் இருந்தனான். எந்தப் படை எண்டு கேக்கமாட்டியள்தானே, டீச்சர்?"

கொடியேற்றத்து வெடி

நான் கேட்கவில்லை, கவினைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் ஒளிக்கவும் இல்லை. அன்றைக்கே சங்கத் தலைவிக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொன்னேன். "வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னம் எங்கள் பங்குத் தேவாலயத் திருவிழா வந்தது. கொடியேற்றத்தன்று பின்னேரம், பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்த நேரம். கொடி ஊர்வலம் பாண்டு வாத்தியத்தோடு எங்கள் றோட்டால் வந்தது. பிள்ளைகள் முற்றத்தில் துள்ளிக்கொண்டு நின்றார்கள். மதிலுக்கு வெளியே ஒரு நீளச் சீன வெடிக்கட்டைக் கொளுத்திப் போட்டார்கள்.

படபடவென்று வெடித்து முடியும் வரை நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். புகை கலைந்ததும் பார்த்தால், முற்றத்தில் இரண்டு பெரிய ஆட்கள் மணலில் குப்புறக் கிடக்கிறார்கள். ஒரு காதால் மட்டும் கேட்கிற ஆளுக்குச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாது. சுனில் கைக்கு எட்டிய பிள்ளையை இழுத்துத் தனக்குக் கீழே போட்டிருந்தார். அது கவின். ஊஞ்சலடியில் யோகராணி, செயற்கைக் கால் ஒரு பக்கம் கோணிக் கிடக்க, தனக்குக் கிட்ட நின்ற பிள்ளையை மூடிக்கொண்டு கிடந்தார். அது தினுகி. இரண்டு பேருமே ஒரே மாதிரி முழங்கையை ஊன்றி, பாரம் பிள்ளையில் படாமல், பிள்ளையின் தலையைத் தங்கள் நாடிக்குக் கீழே வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே விசயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் சிங்களத்தில், மற்றவர் தமிழில்: தலையைத் தூக்காதே, தலையைத் தூக்காதே.

பாண்டு வாத்தியம் தூரப் போனது. இருவரும் மெல்ல நிமிர்ந்து, முதலில் தங்களுக்குக் கீழே இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு ஆளை ஆள் பார்த்தார்கள். சுனில் கவினின் தலைமயிரில் இருந்த மணலைத் தட்டிவிட்டு, போய் யோகராணிக்குக் கையை நீட்டினார். அவர் அதைப் பிடித்து எழும்பினார். ஒரு தாய் அழத் தொடங்கினார். என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாத அந்த நேரத்தில், முகம் முழுக்க மணலோடு தினுகி கைதட்டிக்கொண்டு குதித்தாள்: "தாத்தா! இன்னொருக்கா விழுவம்! எல்லாரும் விழுவம்!"

தலைவி வந்தார்

சங்கத் தலைவி ராணுவ ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார். எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க வார்டில் படித்த தமிழ். நோகுதா, எங்க நோகுது, குளிசை போட்டதா, படுங்கோ, எழும்புங்கோ. அவர் வந்த காலமை நான் விடியவே எழும்பிப் பதில்களைப் பாடமாக்கிவைத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தார். கவினின் கன்னத்தைத் தட்டினார். பிறகு "தாய் எங்கே?" என்றார். யோகராணி வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், திரும்பி வந்து நின்றார். விறாந்தையில் நின்ற பெற்றோர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கேட்பதற்கு முன்னமே சுனில் இரைந்து சொன்னார், தன் மகளை மூடிக் கிடந்தவர் இவர்தான் என்று. அவருக்கு மெல்லப் பேச வராது என்று முன்னமே சொன்னேனே, அன்றைக்கு அது றோட்டு வரை கேட்டது.

மேடம் சுனிலைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய கண் யோகராணியின் நடையில் இருந்தது. "இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். பாவாடையை முழங்கால் வரை தூக்கச் சொன்னார். குனிந்து, செயற்கைக் காலின் வாரைக் கழற்றினார். உள்ளே தோல் உரிந்து புண்ணாகி இருந்தது. "நோகுதா?" என்றார். யோகராணி இல்லை என்று தலையாட்டினார். மேடம் விரலால் மெல்லத் தொட்டார். யோகராணியின் கண்ணால் தண்ணீர் வந்தது. "பொய்" என்றார் மேடம். இந்தக் கால் பழசு, அளவும் பிழை, இதோடு எப்படி நடந்தாய் என்று சிங்களத்தில் கோபமாகக் கேட்டார். மருந்து கொண்டுவரச் சொல்லித் தானே கட்டினார். நான் பாடமாக்கிய பதிலில் ஒன்றையாவது சொல்லிவிடவேண்டும் என்ற அவசரத்தில், "மேடம், அந்த இடம் தருகிற விசயம்..." என்று இழுத்தேன். பஞ்சைச் சுருட்டியபடி, தனக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னார்: "முதல்ல இந்தக் கால். சட்டம் பிறகு."

கோபமும் பல்லும்

சட்டம் பிறகு வந்தது. சங்கக் கூட்டத்தில் சத்தமும் இருந்தது என்று கேள்வி. ஆனாலும் முடிவு நல்லதாகவே வந்தது: சண்டையில் காயப்பட்ட எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் வரலாம். அந்தச் செய்தியைக் கேட்டதும் நானும் நஸ்ரினும் குசினிக்குள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அடுத்த நாளே தரைப்படையில் இருந்த ஒரு தகப்பன் வந்து தன் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கத்தவில்லை. தன் தம்பி அந்தச் சண்டையில் செத்தவன் என்று மட்டும் சொன்னார். மகனின் செருப்பை எடுத்துக்கொடுத்தேன். முதல் நாள் குதித்த என் கால் இரண்டும் கனத்துப்போயின.

அந்த மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல பிள்ளை, ஆனால் கடிப்பான். நஸ்ரினின் கையில் அவனுடைய முத்திரை இன்னும் இருக்கிறது. கொஞ்ச நாள் போனது. ஒரு காலமை படலை திறக்கிறது, தாய் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் அவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். நான் தாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னார்: "அவருக்குக் கோவம் போகேல்ல டீச்சர். ஆனா மகன் கடிக்கிறதையும் அவரால தாங்க ஏலாதாம்."

தேசிக்காய் ஓட்டம்

வருச முடிவில் கடற்கரைப் புல்வெளியில் விளையாட்டுப் போட்டி வைத்தோம். ஐயோ, அந்த நாள்! குடாவில் கப்பல்கள், கம்பத்துக்குக் கம்பம் கொடி, பிள்ளைகளை விடப் பெற்றோருக்குத்தான் கூடத் துள்ளல். மேடம் குடையோடு முன்வரிசையில். விசில் ஊத சுனில். விசிலே தேவையில்லாத ஆள். தரைப்படைக்காரத் தகப்பனும் வந்திருந்தார். கடைசியில் தள்ளி ஒரு கதிரையில் இருந்தார். மகன் ஓடும்போது மட்டும் எழும்பினார், பிறகு இருக்க மறந்துபோனார்.

பெரிய ஆட்களுக்குத் தேசிக்காய் ஓட்டம், அதாவது எலுமிச்சம்பழ ஓட்டம். வாயில் கரண்டி, கரண்டியில் தேசிக்காய், விழுத்தினால் போட்டியில் இல்லை. மேடம் தேடி எடுத்துப் பொருத்திக் கொடுத்த புதுக் காலோடு யோகராணியும் வரிசையில் போய் நின்றார். நான் வேண்டாம் என்று சொல்லப் போனேன். நஸ்ரின் என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். சுனில் விசில் ஊதினார். எல்லாரும் பாய்ந்தார்கள், பாய்ந்த வேகத்திலேயே தேசிக்காய்கள் பொலுபொலுவென்று கொட்டின. குமாரி சிரித்தே விழுத்தினார். யோகராணி மட்டும் புதுக் காலை ஒவ்வொரு தடவையும் ஊன்றிப் பார்த்து, தேசிக்காயை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்ல மெல்ல வந்தார். மெல்ல நடப்பதில் அவரை வெல்ல அந்தப் புல்வெளியில் ஆரும் இல்லை! "அம்மா! அம்மா!" என்று கவின் கத்த, தினுகி கத்த, தள்ளி நின்ற தகப்பனும் என்னவோ கத்தினார். கத்திக் கத்தி எனக்குக் குரலே போய்விட்டது. முடிவுக் கயிற்றைத் தாண்டினார், முதலாம் இடம்!

தாண்டியவர் நிற்கவில்லை. கண் தேசிக்காயில், கால் கடலை நோக்கி. கைதட்டல், கூச்சல், ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. சுனில் விசிலை எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினார். "தங்கச்சி! முடிஞ்சுது! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு முன்னால் போய்க் கையை விரித்து மறித்தார். யோகராணி நின்றார். வாயில் இருந்த கரண்டியைக் கவனமாக எடுத்தார், தேசிக்காய் அப்போதும் விழவில்லை. திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்து, மூச்சு வாங்க, கண் முழுக்க ஆச்சரியத்தோடு கேட்டார்: "முடிஞ்சுதோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லயே!"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பிள்ளைகள் ஒரு கிழமையில் அழுகையை விட்டுவிடுவார்கள்; அவர்களைக் கொண்டுவருகிறவர்களைத்தான் இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.